வெட்டாமல் விட்ட வால்

சேவுகன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். தண்ணீர் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை பல் துலக்கினான். மோட்டாரை நிறுத்தினான். படியிறங்கி, கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். காய்ச்சினான். காப்பி கலந்து நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கொடியில் சட்டை காய்ந்திருந்தது. எடுத்து மடித்தான்.

மடித்து முடிக்கவும் போன் வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வருவதுதான். மாமியார் பொன்னழகு, நேமத்தான்பட்டியிலிருந்து.

"சாப்டீகளா மாப்ளே?"

"இனிமேத்தான் அத்தை."

"வெறும் காப்பியக் குடிச்சிட்டு ஒக்காந்திராதீக. நாலு இட்லியாச்சும் வாங்கிச் சாப்பிடுங்க. மருதுவோட வண்டியில வாரேன். வெள்ளிக்கிழமை படத்துக்கு முன்னால வைக்கச் சத்யாவோட சேலை ஒண்ணு வேணும்."

"வாங்க அத்தை."

பிறகு ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"மாப்ளே, எம் புள்ள எப்படிக் கூப்பிட்டுச்சு? அம்மான்னுச்சா, ஆத்தான்னுச்சா? ரொம்ப வலிச்சாத்தான் அது ஆத்தாங்கும்."

"சிக்னல் விட்டு விட்டு வருது அத்தை. நேர்ல வாங்க, பேசுவோம்."

வைத்துவிட்டான். நேரில் வந்தாலும் பேச ஒன்றுமில்லை. சாகும்போது அவன் மனைவி சத்தியப்பிரியா யாரைக் கூப்பிட்டாள், கூப்பிட்டாளா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியாது. 'கடைசியா உன்னையத்தாம்மா அக்கா கூப்பிட்டுச்சாம்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது அவள் தம்பி மருது. தலையில் அடித்துக்கொண்டு கிடந்த தாயை எப்படியாவது நிறுத்தவேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அத்தையும் அழுகையை நிறுத்தினாள். சேவுகன் பக்கத்தில்தான் நின்றான். மறுக்கவில்லை.

ஆறுதலுக்குச் சொன்ன சொல் முள்ளாகிவிட்டது. அந்தச் சமயத்தில் அத்தை கடலைக் காட்டில் இருந்தாள். போன் வரப்பில் கிடந்தது. மகள் கூப்பிட்டபோது நான் கடலை பறித்துக்கொண்டிருந்தேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்குள் அவள் கால் வைக்கவில்லை.

அவள் போய் ஒரு வருடமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தலைத்திவசம்.

செக்காலையில் மாடிவீடு, வாடகைக்கு. சேவுகன் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவன். மற்ற நேரத்தில் உள்ளறையில் உட்கார்ந்து மின்னணு இசை செய்வான். சுவருக்குச் சுவர் எதிரொலிக்கக்கூடாது என்று சத்யா பழைய மெத்தைகளைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்ட அறை அது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ள யாரையும் அடைச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டார். "ஆமாங்க, எங்க வீட்டுக்காரரத்தான்" என்றாள்.

கம்ப்யூட்டரைப் போட்டான். சென்னையிலிருந்து காசி கூப்பிட்டான். கல்லூரித் தோழன். கோட்டையூரில் பெரிய வீடு உள்ள குடும்பம். நாலைந்து பேருடைய பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிடுகிறான். சேவுகனுடையது மட்டும்தான் பாக்கி.

"டேய் சேவு, மிக்ஸ் கேட்டேன். கிக் டிரம் சும்மா நெஞ்சுல குத்துது. கிக் அடிக்கிறப்ப பேஸ் குனிஞ்சு வழிவிடுது பாரு, அதான்டா அழகு. ஆனா ஸ்நேருக்கு என்ன எழவு ரிவெர்ப்டா போட்டிருக்க? பாத்ரூம்ல ஒக்காந்து கை தட்டுன மாதிரி இருக்கு."

"சாஃப்ட்வேரோட வந்தது."

"நான் குடுத்த ரிவெர்ப் பிளக்-இன் எங்க?"

"அது ரொம்பப் பளபளப்பா இருக்கு. போட்டா எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேக்குது. கம்ப்யூட்டரும் திணறுது."

"ஒங்கிட்ட இருக்கிறது கம்ப்யூட்டரா? காயலான் கடைக்காரன் கூட யோசிப்பான். சரி, எங்க வீட்டுக் கூடத்தோட எதிரொலிய ரெண்டு பேரும் போய்ப் பதிஞ்சீகளே, அதப் போட்டா என்ன..."

நிறுத்திவிட்டான்.

"மன்னிச்சுக்கடா. வாய் தவறிருச்சு. இருக்கிறதையே வச்சு அனுப்பு. சாயங்காலத்துக்குள்ள வந்தாப் போதும்."

"பாக்குறேன்" என்றான் சேவுகன்.

ஸ்நேர் என்று காசி சொன்னது உண்மையில் கைதட்டல்தான். சத்யாவின் கைதட்டல். அதன்மேல் ஒரு டிரம் சத்தத்தை அடுக்கி, கீழ்ச்சுருதியை ஈக்யூவில் வெட்டி, கம்ப்ரஸரில் அழுத்தி எடுத்தது. அவள் தட்டிய நாளில் ஒவ்வொரு முறையும் தட்டி முடித்துவிட்டு மைக்கிடம் ஏதாவது சொல்வாள். 'உள்ளங்கை செவந்துபோச்சு, மருந்து வாங்கித் தாங்க.' 'மாவு பொங்கியிருக்கும், நான் போறேன்.' அவன் எடிட் பண்ணும்போது கேட்டுச் சிரிக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. அவன் சிரிப்பான். பிறகு கத்தரிக்கோல் படத்தைச் சொடுக்கி அந்தப் பேச்சை வெட்டிவிடுவான். சத்தம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. அப்படி வெட்டியது எதுவும் இப்போது இல்லை.

கோட்டையூரில் பதிந்ததை அவன் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

ஒரு பெரிய கூடத்தின் நடுவில் பலூனை உடைத்தால் அந்த ஒரு வெடிச்சத்தம் சுவர், தூண், விதானம் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி மெல்ல மெல்ல அடங்கும். அடங்குகிற அந்தப் பகுதியை வால் என்பார்கள். அதைப் பதிந்து, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் பிளக்-இன்னில் ஏற்றிவிட்டால் போதும். எந்தச் சத்தத்தை உள்ளே அனுப்பினாலும் அந்தக் கூடத்திலேயே எழுந்ததுபோல வெளியே வரும். காசி வீட்டு இரண்டாம் கட்டுக் கூடம் அதற்கென்றே கட்டியதுபோல இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு பைக்கில் போனார்கள். சத்யா மடியில் ஒரு பை நிறையப் பலூன்.

"இதுல மட்டும் பேசக்கூடாது. ஒடைச்சுட்டு வால் அடங்குற வரைக்கும் மூச்சுக்கூட விடக்கூடாது. பேசுனா கெட்டுப்போகும்" என்றான்.

அவள் வாயைப் பூட்டிச் சாவியை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோலச் சைகை காட்டினாள். "முறம் ஏது இங்க?" என்றான். "எங்க அம்மா வீட்டுல இருக்கு. சாவி வேணும்னா அங்க போய் எடுங்க" என்றாள்.

தெருவில் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. அதை நிறுத்தச் சொல்ல அவன் வெளியே போகவேண்டியிருந்தது. போகும்போது சத்தம் வரக்கூடாது என்று வழியில் இருந்த கதவுகளையெல்லாம் அவனே சாத்திக்கொண்டு போனான். எல்லாம் கனத்த தேக்குக் கதவுகள். முடிந்ததும் அவளே வந்து கூப்பிடுவதாகப் பேச்சு. அதுவரை உள்ளே வரக்கூடாது, கதவு கிரீச்சிடும். வாசலில் நின்றான். பலூன்கள் ஒவ்வொன்றாக உடைவது மெல்லக் கேட்டது. கடைசியாகக் கேட்டதுதான் மிகச் சுத்தமான சத்தம். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று நின்றான். டிராக்டர்காரரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றான்.

உள்ளே போனபோது அவள் தரையில் கிடந்தாள். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. தூணோரம் ஒரே ஒரு மஞ்சள் பலூன் உடையாமல் கிடந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அத்தனை கதவுகளுக்கு அப்பால் அவள் தன்னைக் கூப்பிட்டிருந்தால்? அந்தக் கேள்வியை அவன் யாரிடமும் கேட்டதில்லை. தன்னிடமும் முழுசாகக் கேட்டதில்லை. அந்த மஞ்சள் பலூனையும் தனக்காக உடைக்கக் குனிந்தபோதுதான் விழுந்திருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

மேசை டிராயரைத் திறந்தான். ரெக்கார்டர் இருந்தது. அதன் மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினான். ஃபைல்கள் வரிசையாக வந்தன. கடைசி ஃபைல் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

அதைப் பிளே செய்ய அவனால் முடியாது. ஆனால் ரிவெர்ப்பில் ஏற்றலாம். ரிவெர்ப் என்றால் ஃபைல் ஓடாது, கூடம் மட்டும்தான் கேட்கும். அப்படித்தான் நினைத்தான். அவள் பேசவில்லை என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தான். வாயைப் பூட்டியதைக் கண்ணால் பார்த்தவன். அதனால், எதை ஏற்றுவதற்கு முன்னாலும் தலையையும் வாலையும் வெட்டிச் சுத்தம் செய்கிறவன், இதை வெட்டவில்லை. வெட்டவேண்டுமானால் கேட்கவேண்டும். அப்படியே இழுத்து பிளக்-இன்னில் போட்டான். நீளம் அதிகம், முதல் பகுதி மட்டும் ஏற்றப்படும் என்று அது ஒரு வரி காட்டியது. சரி என்றான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டான்.

முதல் கைதட்டலில் கோட்டையூர் வந்து இறங்கியது. கல்தூண், மரவிதானம், மேலே திறந்த வானம், எல்லாம். காசி கேட்டது இதுதான். இரண்டாவது தட்டல். மூன்றாவது. அடியில் என்னவோ முணுமுணுப்பு இருந்தது. டிராக்டராக இருக்கும் என்று நினைத்தான். ரிவெர்ப்புக்குப் பின்னால் ஈக்யூ போட்டுக் கீழ்ச்சுருதியை வெட்டினான். போகவில்லை. தெளிந்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற வழக்கமான வேலை: கிக்கையும் பேஸையும் மற்ற எல்லாவற்றையும் அடக்கி ரிவெர்ப்பை மட்டும் தனியே விட்டான்.

குரல்.

ஒரு குரல் இல்லை. ஒரே குரல் பல. ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவள் புதிதாகப் பேசத் தொடங்கினாள். ஒருத்தி முடிப்பதற்குள் அடுத்தவள், அவள்மேல் இன்னொருத்தி. கூடம் முழுக்க அவள். சொல் எதுவும் பிடிபடவில்லை. ராகம் மட்டும் பிடிபட்டது. உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் உள்ள ராகம்.

பாட்டை நிறுத்தினான். பாட்டு நின்றது. அவள் நிற்கவில்லை. கடைசிக் கைதட்டலின் வால் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கி மேசைமேல் வைத்தான். அது அங்கே கிடந்தபடி முணுமுணுத்து, பிறகு அடங்கியது.

அழுகை வரவில்லை. பிளக்-இன் செய்வது பிழையே இல்லை என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது. ஃபைலில் ஒரு இருமல் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் இருமும். பேச்சு இருந்தால் பேசும். முதல் ஆண்டு மாணவனுக்கும் தெரியும்.

வேறொரு டிராக்கை எடுத்து மியூட் செய்துவிட்டு முழு ஃபைலையும் அதில் போட்டான். பார்க்கலாம், கேட்கவேண்டாம். திரையில் வடிவம் விரிந்தது. முதலில் பலூன் உடைந்த கூர்மையான முனை. அது சரிந்து அடங்குகிறது. கொஞ்சம் வெறுமை. பிறகு சின்னச் சின்ன மேடுகள், அதுதான் பேச்சு. அதையடுத்து ஒரே ஒரு தடித்த மேடு. அது என்ன சத்தம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதற்கப்புறம் நேர்கோடு. வெகுதூரத்துக்கு நேர்கோடு. கடைசியில் திரை கிழிந்ததுபோலக் கறுப்பு. அது அவன் போட்ட கூச்சல்.

விழுந்த பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. கோட்டில் ஒரு தூசி மேடுகூட இல்லை. கூப்பிட்டிருந்தால் அதற்கு முன்னால், அந்தச் சின்ன மேடுகளில்தான். அதில் இருப்பது அம்மாவா, ஆத்தாவா, அவன் பெயரா என்பது வடிவத்தில் தெரியாது.

வாசலில் பைக் வந்து நின்றது.

"மச்சான்!" மருதுவின் குரல் படியேறி வந்தது. "போன எடுக்க மாட்டீகளா? ரெண்டு தரம் அடிச்சேன். அம்மா வழியெல்லாம் பொலம்பிக்கிட்டு வருது, நீங்க பட்டினியாக் கெடக்கீகன்னு. நான் சொன்னேன், மச்சான் வயரத் தின்னே வயித்த நெறச்சுக்குவாருன்னு."

பின்னால் அத்தை வந்தாள். கையில் தூக்குச்சட்டி. உள்ளறை வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மாப்ளே? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சத்யா பேசியிருக்கு அத்தை" என்றான்.

மருதுவின் சிரிப்பு அப்படியே நின்றது. அத்தை தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள்.

"என்ன சொல்லுதீக?"

"கோட்டையூர்ல. பலூன் ஒடச்சதுக்குப் பின்னால. ரெக்கார்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் இன்னைக்குத்தான் போட்டேன். என்ன சொல்லுதுன்னு இன்னும் தெளிவாத் தெரியல."

"அப்ப கூப்பிட்டது?" என்றாள் அத்தை. "நீங்க பக்கத்துல இருந்து கேட்டீகள்ல?"

அவன் மருதுவைப் பார்க்கவில்லை. மருது தானாகவே வாயைத் திறந்தான்.

"அம்மா, மச்சான் உள்ளயே இல்ல. வெளிய தெருவுல நின்னாரு. நாந்தான்... நீ மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடந்த. அப்படிச் சொன்னா அடங்குவியேன்னு..."

அத்தை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் அறைவாள் என்று சேவுகன் நினைத்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எடுபட்ட பயலே" என்றாள், சத்தமில்லாமல். "வருசம் பூராவும் எம் புள்ள எங் காதுல கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சேடா."

"அம்மா..."

"நீ பேசாத." சேவுகன் பக்கம் திரும்பினாள். "போடுங்க மாப்ளே."

"அத்தை, ஒருவேள நெசமாவே ஒங்களக் கூப்பிட்டிருந்தா? இல்ல என்னைய?"

"கூப்பிட்டிருந்தாக் கூப்பிட்டிருக்கட்டும். அது வாயால சொன்னத நான் கேட்டுக்கிறேன். இவன் வாயால கேட்டது போதும்."

"அக்கா கொரல என்னால கேக்க முடியாது" என்று மருது வாசல்பக்கம் நகர்ந்தான். போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சேவுகன் ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான். மியூட்டை எடுத்தாலே ஃபைல் பேசும். ஆனால் அது கடைசிவரை ஓடி, அவன் கூச்சலையும் அத்தைக்குக் கேட்கவைக்கும். பிளக்-இன் அந்த இடத்துக்கு முன்பே நின்றுவிடும். கைதட்டலுக்கு நீளம் உண்டு, அதனால்தான் குரல் கலங்கியது. ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு 'டிக்' அனுப்பினால் உள்ளே இருப்பது இருக்கிறபடியே வெளியே வரும். காலியான டிராக்கில் அந்த டிக்கை வரைந்தான். ஒன்றே ஒன்று.

"முதல்ல பலூன் ஒடையும் அத்தை. பயந்துராதீக."

"எம் புள்ளைக்குப் பயப்படுவேனா நான்?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். மெத்தை தொங்கிய சுவரில் சாய்ந்துகொண்டாள். தன் மகள் தைத்த தையலில் விரல் வைத்திருந்தாள். சேவுகன் நின்றபடியே பொத்தானை அழுத்தினான்.

பலூன் உடைந்தது. சின்ன அறையில் பெரிய கூடம் திறந்தது. சத்தம் தூணுக்குத் தூண் தாவி, உயர்ந்து, இளைத்து, போய்க்கொண்டே இருந்தது. அடங்கியது. அதன்பின்னும் ஒன்றும் வரவில்லை. சொன்னபடி அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அவன் சொன்னதைவிட அதிக நேரம் அடக்கிக்கொண்டிருக்கிறாள். பிறகு அந்த மூச்சு வெளியே வந்தது. வெறுங்கால் தரையில் இரண்டு எட்டு வைத்தது. பலூன் ஒன்றை விரல் தேய்க்கும் கீச்சொலி. மைக்குக்குப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் குரலைத் தணித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஏங்க, இந்த மஞ்ச பலூன நான் ஒடைக்கப்போறதில்ல. வீட்டுக்குக் கொண்டுபோறேன். பைக்க மெல்ல ஓட்டுங்க."